டயரும் ஒரு கியர்தான்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டயர் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இதைவிடக் கொஞ்சம் பெரிய சைஸ் போடலாமா?" கடைக்காரர் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பார். உரசாது என்று தெரிந்தால், "தாராளமாப் போடலாம் தம்பி" என்பார். வண்டியும் உயரமாக, பார்க்கக் கம்பீரமாக ஆகிவிடும். எஞ்சினுக்கு என்ன ஆகும் என்று கேட்பவர் அபூர்வம். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

எஞ்சினிலிருந்து சக்தி வரும் வழியை ஒருமுறை பார்த்துவிடுவோம். பின்சக்கர இழுவை உள்ள ஜீப், பொலேரோ மாதிரி வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், அப்புறம் வண்டியின் வயிற்றுக்குக் கீழே நீளமாகப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது பின்னால் உருண்டையாகத் தெரியும் ஹவுசிங்குக்குள் நுழைகிறது. அங்கேதான் கிரௌன் பினியன் இருக்கிறது. பினியன் சின்னப் பல்சக்கரம், கிரௌன் பெரிய பல்சக்கரம். பினியனுக்கு 10 பல், கிரௌனுக்கு 41 பல் என்றால், ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இதைத்தான் ஆக்சில் ரேஷியோ என்கிறோம். இந்த எண் பெரிதாக இருந்தால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் சின்னதானால் நேர் எதிர்.

ஏன் 41 பல், கணக்குக்குச் சுலபமாக 40 வைக்கக் கூடாதா என்று சிலர் கேட்பதுண்டு. 40க்கு 10 என்றால் பினியனின் ஒரு பல், கிரௌனின் அதே நான்கு பற்களை மட்டுமே ஆயுள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த நான்கும் சீக்கிரம் தேயும். 41 வைத்தால் ஒவ்வொரு பல்லும் முறை வைத்து மற்ற எல்லாப் பற்களையும் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். நல்ல யோசனை இல்லையா?

சரி, ஆக்சிலோடு கதை முடியவில்லை. அதற்கு அப்புறம் சக்கரம் இருக்கிறதே. வாடகை சைக்கிள் காலத்தவர்களுக்கு அரை சைக்கிள் நினைவிருக்கும். சின்னச் சக்கரம். காலைப் படபடவென்று மிதிக்க வேண்டும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறிவிடும். அதே பல்சக்கரங்களை வைத்துக்கொண்டு பெரிய சைக்கிள் சக்கரத்தை மாட்டினால், ஒரு மிதியில் போகும் தூரம் கூடும், மேட்டில் தொடை வலிக்கும். காரிலும் இதேதான். கடைசி கியர் உங்கள் டயர்.

பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னக் கணக்கு. பொலேரோவில் வரும் டயர் 215/75 ஆர் 15. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 161 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 322. நடுவில் 15 அங்குல ரிம், அது 381. மொத்த விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். இந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 452 சுற்று சுற்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆக்சில் 4.1, கியர் நேர் இணைப்பில் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 452ஐ 4.1ஆல் பெருக்கிய அளவு, அதாவது சுமார் 1850 சுற்று சுற்றுகிறது.

இப்போது ஆசைப்பட்டு 31 அங்குல டயரை மாட்டுகிறோம். விட்டம் 787 மில்லிமீட்டர். பழையதைவிடக் கிட்டத்தட்ட 12 சதவீதம் அதிகம். அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் இனி சுமார் 1660தான் சுற்றும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் டீசல் மிச்சம்தானே என்று தோன்றும். சமதரையில், ஒரே வேகத்தில், ஆளில்லாத சாலையில் ஓரளவு உண்மை. ஆனால் இந்தக் கால டீசல் எஞ்சின்கள் பலவற்றில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ நன்றாக வேலை செய்ய ஆரம்பிப்பதே 1500, 1800 சுற்றுகளுக்கு நடுவில். பெரிய டயர் எஞ்சினை அந்த எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. முந்த வேண்டும் என்றால் கியரைக் குறைத்தாக வேண்டும். அதோடு, அகலமான, கனமான டயரைச் சுழற்றிவிடுவதற்கே தனியாகச் சக்தி போகும்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வேகத்தைக் குறைத்து, திரும்பியதும் இரண்டாவது கியரில் மிதித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். டயர் பெரிதானால் இரண்டாவது கியர் ஏறக்குறைய இரண்டேகால் ஆகிவிட்டது போல இருக்கும். வண்டி திணறும். ஓட்டுநர் ஒன்றாவது கியருக்கு வருவார், அல்லது கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி, ஆஃப் கிளட்ச்சில் சமாளிப்பார். இந்த ஆஃப் கிளட்ச்தான் கிளட்ச் பிளேட்டைத் தின்னும். மலை ஏறி இறங்கும் வண்டிக்குப் பெரிய டயர் போட்டவர்கள், அடுத்தடுத்து கிளட்ச் செலவு வந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிரேக்கும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும் விசை பழையதே, அது தரையைத் தொடும் இடம் மட்டும் தள்ளிப்போய்விட்டது. அதே வேகத்தில் நிறுத்த, பெடலை இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் கதை தனி. அது சக்கரச் சுற்றைத்தான் எண்ணும், டயரின் விட்டம் அதற்குத் தெரியாது. மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், 31 அங்குல டயரில் முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 112ல் போகிறது. ஐ.நா. வாகன விதி எண் 39, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்கிறது. கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைக்கக் கூடாது. நாம் டயரை மாற்றி அதைத்தான் தலைகீழாக்குகிறோம். மைலேஜ் கணக்கும் இதில் குழம்பும். 40 லிட்டர் டீசலில் மீட்டர் 500 கிலோமீட்டர் காட்டினால், லிட்டருக்கு 12.5 என்று நொந்துகொள்வோம். வண்டி ஓடியது 560, அதாவது லிட்டருக்கு 14. டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புவதில் ஒரு பங்கு வெறும் மீட்டர் பிழைதான்.

டயரை மாற்றாமல் ஆக்சிலை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்பைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய, எம்.பி. என்ற மாடல் ஜீப்பின் கிரௌனில் 39 பல், பினியனில் 8. ரேஷியோ 4.88. போர் முடிந்த 1945லேயே அதே நிறுவனம் பொதுமக்களுக்காக சி.ஜே. 2ஏ என்ற ஜீப்பைக் கொண்டுவந்தது. அதே 2.2 லிட்டர் எஞ்சின், அதே 6.00-16 டயர். வாங்கப்போவது விவசாயி, ஏர் இழுக்க வேண்டும், டிரெய்லர் இழுக்க வேண்டும். அதனால் கிரௌனை 43 பல்லாக்கினார்கள். ரேஷியோ 5.38. கூடவே கியர்பாக்ஸ் விகிதத்தையும், சக்தியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் விகிதத்தையும் கூட்டினார்கள். லோ ரேஞ்சில், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸின் கூடுதல் இழுவை நிலையில், முதல் கியர் போட்டால், ராணுவ ஜீப்பில் எஞ்சின் சுமார் 25 சுற்றுக்கு மேல் சுற்றிச் சக்கரத்தை ஒரு சுற்று நகர்த்தும். விவசாய ஜீப்பில் 37 சுற்று. ஆள் நடக்கிற வேகத்தில் மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும்.

ஆனால் அதற்கு விலை நெடுஞ்சாலையில் தெரியும். அந்த டயர் கிலோமீட்டருக்கு 450 சுற்று என்று வைத்துக்கொண்டால், டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.88 கிரௌனில் எஞ்சின் 2925 சுற்று, 5.38ல் 3225. அந்த 300 சுற்றும் காதுக்குள் இரைந்துகொண்டே வரும். 1940களின் கடைசியில் மஹிந்திரா வழியாக இந்தியாவுக்கு வந்த ஜீப் பரம்பரையில், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றும் "உங்களது எந்தக் கிரௌன்?" என்று கேட்டுக்கொள்வது இதனால்தான். எந்த எஞ்சின் என்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும்.

அப்படியானால் பெரிய டயரே கூடாதா? போடலாம், கிரௌன் பினியனையும் சேர்த்து மாற்றுவதானால். நாம் பார்த்த 4.1 ஆக்சிலில் 31 அங்குல டயர் மாட்டியது, 10 பல் பினியனை எடுத்துவிட்டு 11 பல் பினியன் போட்டதற்குச் சமம், இன்னும் கொஞ்சம் மோசம் என்றே சொல்லலாம். பழைய இழுவை திரும்ப வர 41க்கு 9 வேண்டும், அதாவது 4.56. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றோடொன்று உரசித் தேய்த்துப் பொருத்திய ஜோடி அது, பிரித்துப் போட்டால் ஊளையிடும். நான்கு சக்கர இழுவை வண்டியானால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்துத் தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் ஷாஃப்டுகள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். செலவைக் கேட்டதும் பலர் பழைய டயருக்கே திரும்பிவிடுவார்கள், அதுவும் நல்ல முடிவே.

முன்சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே ஏறக்குறைய அடைப்பு, அந்தக் கடைசிப் பல்சக்கரம் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் ரிம் பெரிதாக்க விரும்பினால் மொத்த விட்டத்தை மாற்றாமல் செய்யலாம். 185/65 ஆர் 15 டயரின் விட்டம் 621 மில்லிமீட்டர் சொச்சம். 195/55 ஆர் 16ம் கிட்டத்தட்ட அதேதான். ரிம் ஒரு அங்குலம் கூடியது, பக்கச் சுவர் அவ்வளவு குறைந்தது. கியர் கணக்கில் மாற்றமில்லை. குழியில் இறங்கினால் இடுப்புக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பழைய வண்டி வாங்கப்போகிறீர்கள், எந்தக் கிரௌன் என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால், ஹவுசிங்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை வையுங்கள், ஏனென்றால் இந்தச் சோதனைக்கு ஹேண்ட்பிரேக் போட முடியாது. கியரை நியூட்ரலில் விடுங்கள். ஜாக்கி வைத்து ஒரே ஒரு பின்சக்கரத்தைத் தூக்குங்கள், மற்றது தரையிலேயே இருக்கட்டும். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றும்போது கிரௌன் அதில் பாதிதான் சுற்றும், ஆகவே சக்கரத்தின் இரண்டு சுற்று என்பது கிரௌனுக்கு ஒரு சுற்று. அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்தது என்று இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எண்ணட்டும், வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். நான்கைக் கொஞ்சம் தாண்டினால் 4.1. ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் 5.38, ஏர் இழுக்கவென்று பிறந்த வண்டி. நெடுஞ்சாலையில் ஓட்ட வாங்குவதானால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வணக்கம்.