அந்தச் சிவப்பு மைக் கோடு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். கொடுத்திருப்பது பத்து நிமிடம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிர்காலம் இல்லாத படிப்புகளிலிருந்து மாணவர்களைத் திருப்பிவிடுவது பள்ளியின் கடமை என்று எதிரணி பேசி அமர்ந்திருக்கிறது. அது கடமை இல்லை, அத்துமீறல் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "வரலாறு படிக்கிறவன் செத்தவனோடதான் குடித்தனம் நடத்தணும், உயிரோட இருக்கிற எவன் அவனுக்குப் பொண்ணு கொடுப்பான்?" என்றார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. ஐயா, இதற்குப் பதில் சொல்லாமல் நான் நகர மாட்டேன்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளை. அங்கே தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி, அதாவது செத்தவர்களைப் புதைத்த பெரிய பானை ஒன்றில், மண்ணோடு மண்ணாக நெல் உமி இருந்தது. அதை அமெரிக்காவில் மயாமி ஆய்வகத்துக்கு அனுப்பி வயது பார்த்தார்கள். கி.மு. 1155! 2021-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். முன்வரிசையில் விவசாயிகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மூவாயிரத்து நூறு வருஷத்துக்கும் முன்னால் தாமிரபரணி என்கிற பொருநைக் கரையில் உங்கள் பாட்டன் நெல் விளைத்தான் என்று உங்களுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது யார்? செத்தவனோடு குடித்தனம் நடத்துகிறான் என்று இவர் சொன்னாரே, அந்தப் பிள்ளைதான். சித்திரை வெயிலில் குழிக்குள் குத்த வைத்து, பிரஷ்ஷால் மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தானே, அந்தப் பிள்ளைதான். அவனுக்கா பெண் கொடுக்க மாட்டீர்கள்? நம் ஊரில் ஒரு வீட்டிலாவது கொடுக்க மாட்டீர்களா?

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற தம்பிகளையும் கேளுங்கள். பதினைந்து வயதில் வேண்டாம் என்று விலக்கிய வரலாற்றை, இருபத்தைந்து வயதில் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிப் படிக்கிறார்கள்.

சரி, எந்தப் படிப்பு விலைபோகும் என்று பள்ளிக்கூடத்துக்குத்தான் எப்படித் தெரியும்? 2000-களில் "டீச்சர் டிரெயினிங் போம்மா, ரெண்டே வருஷம், கவர்ன்மென்ட் வேலை" என்று எத்தனை பெண் பிள்ளைகளை அனுப்பிவைத்தார்கள்! மூலைக்கு மூலை பயிற்சி நிறுவனம் முளைத்தது. அப்புறம் அவற்றில் பலவற்றைப் பூட்டிவிட்டுப் போனார்கள். 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அன்றைக்கு ஆசையாய்ச் சேர்ந்த பெண்களில் எத்தனையோ பேர் தலை நரைத்தும் அந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

என் அக்கா கதையைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் 441 மார்க். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் பிரிவு என்ற இடத்தில், நீல மையில், குண்டு குண்டு எழுத்தில் 'வரலாறு' என்று எழுதினாள். அப்பா தறியை நிறுத்திவிட்டு, மஞ்சப்பையில் மார்க் ஷீட்டோடு வந்திருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். தலைமையாசிரியர் பார்த்தார். "441 வாங்கிட்டு வரலாறா?" சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரே இழுப்பு. தாளே கிழிந்துவிட்டது. மேலே 'முதல் குரூப்' என்று எழுதினார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நடுவர் அவர்களே, அந்த இடத்தை இன்னொரு தரம் பாருங்கள். அறைக்குள் மூன்று பேர். படிக்கப் போகிறவள் ஒருத்தி. அவளைத் தவிர மற்ற இரண்டு பேரும் பேசினார்கள். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கிழிந்த தாளைப் பார்த்தார்.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. எங்கள் நல்லதுக்கு என்றுதான் செய்தார். "இதுக்கு வேலை குறைவும்மா, இந்தந்த வழி இருக்கு, வீட்ல யோசிச்சுட்டு வந்து எழுது" என்று உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அவர் காலில் நானே விழுந்திருப்பேன். எடுத்துச் சொல்வது வேறு, அடித்து எழுதுவது வேறு.

அக்கா இன்ஜினியரிங் முடித்தாள். கல்விக் கடனை அடைக்க ஏழு வருஷம் ஆனது. இன்று ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள்.

போன மே மாதம் எல்லோரும் கீழடி அருங்காட்சியகம் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பானை ஓடுகள், அவற்றில் கீறல் கீறலாய்த் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துகள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரியில் போனைப் பார்த்தே அந்த எழுத்தை அக்கா கற்றுக்கொண்டிருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது. மகனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி மேல் விரலை நகர்த்தி, "ஆ... த... ன். ஆதன். இது ஒருத்தர் பேருடா" என்று படித்துக் காட்டினாள்.

பின்னால் நின்ற அப்பா கேட்டார்: "இதைப் படிக்கத்தான் அன்னைக்குக் கேட்டியாம்மா?"

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். அப்பா நகரவில்லை. அந்தப் பானை ஓட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து வேனில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்டா."

இதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. வணக்கம்.