நிலாக்கல்லுல பொடிக்குழி

வணக்கம் நேயர்களே. நிலான்னதும் எல்லாரும் அந்தப் பெரிய பள்ளங்களப் பத்தித்தான் பேசுவாங்க, நான் பேசப்போறது லென்ஸ் வச்சுத் தேடினாத்தான் சிக்குற குழிகளப் பத்தி. 1969-ல அப்போலோ 11 கொண்டுவந்த கல்லுங்கள ஹூஸ்டன் லேப்ல எடுத்துப் பார்த்தா, பொடிப்பொடியா குழி, உள்ள உருகி உறைஞ்ச கண்ணாடி பளபளன்னு.

விண்வெளியில திரியுற தூசி செகண்டுக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதுது, துப்பாக்கிக் குண்டெல்லாம் கிட்டயே வராது. பூமின்னா காத்து தடுத்துரும், நிலாவுல தடுக்க ஒண்ணுமே இல்ல. நடுவுல கண்ணாடிக் குழி, சுத்தி வெள்ளையா நொறுங்கின வளையம், அதுக்கு வெளிய செதில் பேந்த எடம்; லாரி டயர்ல தெறிச்ச கல்லு பட்ட கார் கண்ணாடிய பார்த்திருப்பீங்கல்ல, அதேதான். தூசி ஆவியாப் போயிருது, மிச்சம் குழி மட்டும். அதனால லேப்ல சின்னச் சின்னத் துகளா வேகமா சுட்டுப் பார்த்து, எந்த சைஸ் துகளுக்கு எந்த சைஸ் குழின்னு கணக்குப் போட்டாங்க.

எனக்குப் புடிச்சது என்னன்னா, ஒரே கல்லுல ஒரு பக்கம் குழியா கெடக்கும், இன்னொரு பக்கம் சுத்தமா இருக்கும், அது மண்ணுல புதைஞ்சிருந்த பக்கம். ரெண்டு பக்கமும் குழி இருந்தா யாரோ பொரட்டிப் போட்டுருக்காங்க, அதாவது வேற ஒரு மோதல்!

சரி, குழிகள எண்ணிட்டா தூசி மழை எவ்ளோன்னு தெரிஞ்சுருமான்னா, அங்கதான் சிக்கல். ரொம்ப நாள் வெளிய கெடந்த கல்லுல புதுக்குழி பழைய குழிய அழிச்சுரும், எண்ணிக்கை ஏறவே ஏறாது. அதனால வயசு கம்மியான கண்ணாடிப் பூச்சு உள்ள கல்லாத் தேடுவாங்க, அப்போலோ 12-ல வந்த 12054-ங்குற நம்பர் கல்லு அப்படி ஒண்ணு. அது எவ்ளோ நாள் வெளிய கெடந்துச்சுங்குற வயசக் கண்டுபுடிக்க, சூரியன் வீசுற இரும்பு அணுக்கள் கல்லுக்குள்ள போட்ட கோட்ட ஆசிட்ல அரிச்சு எடுத்து எண்ணணும், பொறுமை வேணும் சாமி.

அப்புறம் 1984-ல ஹெர்பர்ட் ஸூக்குங்குற நாசா விஞ்ஞானியும் கூட இருந்தவங்களும் இன்னொரு குண்டப் போட்டாங்க: மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சின்னக் குழிகள்ல நெறைய விண்வெளித் தூசியால வந்ததே இல்ல, பக்கத்துல ஏதோ மோதி நிலா மண்ணே தெறிச்சு வந்து போட்டதுன்னு. அதே வருஷம் நாசா எல்டெஃப்ங்குற சேட்டிலைட்ட அனுப்பி, 1990-ல திரும்ப எடுத்துட்டு வந்து, அதோட அலுமினியத் தகட்டுல விழுந்த குழிய வச்சு பூமிக்கு வருஷத்துக்கு சுமார் 40,000 டன் தூசி வருதுன்னு லவ், பிரவுன்லீங்குற ரெண்டு விஞ்ஞானிங்க 1993-ல சொன்னாங்க. தகட்டுல ஒரு வசதி, எத்தன நாள் வெளிய இருந்துச்சுன்னு ஆசிட் ஊத்திக் கண்டுபுடிக்க வேண்டியதில்ல.