ஒரு வாரச் சிறைத்தண்டனை

நண்பர்களே, வணக்கம். திரைப்படச் சங்கங்களை நடத்துகிறவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலைப் பேசிய ‘ஆண்டர்ஸ் ஆல்ஸ் டி ஆண்டர்ன்’ என்ற ஜெர்மன் மௌனப்படத்தின் பெருமையோடு பேச்சை முடிக்கப் போவதில்லை. அதை எப்படித் திரையிடுவது, எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைப்பை ‘மற்றவர்களைப் போல் அல்லாதவன்’ என்று தமிழில் சொல்லலாம்.

1919 மே மாதக் கடைசியில் பெர்லினில் வெளியான படம். இயக்கியவர் ரிச்சர்ட் ஓஸ்வால்ட். அவரோடு சேர்ந்து எழுதியவர் பாலியல் அறிவியல் அறிஞர் டாக்டர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். படத்தில் மருத்துவராக வருபவரும் அவரே. 1918 நவம்பரில் ஜெர்மனியில் முடியாட்சி விழுந்தது. தணிக்கையும் கூடவே போயிற்று. அந்த இடைவெளியில்தான் இப்படி ஒரு படம் வர முடிந்தது. 1920 மே மாதம் தணிக்கைச் சட்டம் திரும்பி வந்தது. அந்த ஆண்டே பொதுமக்களுக்குக் காட்டத் தடை போட்டார்கள். மருத்துவத் துறையினர் மட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

கதை சிறியது. பவுல் கோர்னர் புகழ்பெற்ற வயலின் கலைஞர். நடித்தவர் கான்ராட் ஃபைட். அவரிடம் கற்க வரும் இளைஞன் கூர்ட். இருவரும் கைகோர்த்துப் பூங்காவில் நடப்பதை பொல்லெக் என்பவன் பார்த்துவிடுகிறான். பணம் கேட்டு மிரட்டுகிறான். கொடுக்கக் கொடுக்கத் தொகை ஏறுகிறது. பொறுக்க முடியாமல் கோர்னர் வழக்குப் போடுகிறார். அவன் பதிலுக்கு 175-ஆம் பிரிவைக் காட்டுகிறான். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய பிரிவு அது. 1871-இன் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. தீர்ப்பில் மிரட்டியவனுக்கு 3 ஆண்டு சிறை. கோர்னருக்கு ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. நீதிபதி கொடியவர் அல்ல. கொடுக்க முடிந்த அளவுக்குக் குறைத்தே கொடுக்கிறார். ஆனாலும் கச்சேரிகள் நின்றுபோகின்றன, தெரிந்தவர்கள் விலகுகிறார்கள், கோர்னர் நஞ்சு அருந்துகிறார். தண்டனையின் நீளம் எத்தனை நாள் என்பதல்ல விஷயம். சட்டப் புத்தகத்தில் அந்த வரி இருப்பதே பொல்லெக்குக்கு மூலதனம். நம் நாட்டில் 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தக்கவைத்தபோது, 150 ஆண்டுகளுக்கு மேலாக அதில் வழக்கு நடந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று ஒரு காரணம் சொன்னது. அதற்கான பதிலை 94 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மௌனப்படம் சொல்லியிருந்தது. 2018 செப்டம்பர் 6-இல்தான் அந்தத் தீர்ப்பு மாறியது.

இனி பிரதி. முழுப்படம் இன்று இல்லை. 1927-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் இதைச் சுருக்கி, ‘கெசெட்சே டெர் லீபெ’ (காதலின் சட்டங்கள்) என்ற வேறொரு படத்தின் பகுதியாகச் சேர்த்தார். அந்தச் சுருக்கம் உக்ரைனிய மொழி டைட்டில் கார்டுகளோடு (காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளோடு) சோவியத் ஆவணக்காப்பகத்தில் தப்பிப் பிழைத்தது. பெர்லினில் ஹிர்ஷ்ஃபெல்ட் நடத்திய பாலியல் அறிவியல் நிறுவனத்தை நாஜிகள் 1933 மே 6-இல் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அதன் நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் எரித்தார்கள். இதை நினைத்தால் இந்த மிச்சம் கிடைத்ததே பெரிது. மியூனிக் திரைப்பட அருங்காட்சியகம் மீட்டமைத்த பிரதி சுமார் 50 நிமிடம் ஓடும். தொலைந்த இடங்களை நிழற்படங்களாலும் விளக்க அட்டைகளாலும் நிரப்பியிருக்கிறார்கள். கூர்ட்டின் சகோதரி எல்சேயின் கிளைக்கதை பெரும்பாலும் போய்விட்டது. இதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அசையாத படம் வரும்போது ‘புரொஜெக்டர் நின்றுவிட்டது’ என்று பின்வரிசையில் சத்தம் எழும். படம் பழையதானாலும், மீட்டமைத்த பிரதிக்கும் கூட வரும் இசைக்கும் உரிமையாளர் உண்டு. எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அடுத்தது வேகம். அதிகம் கெடுவது இதில்தான். அக்காலத்துப் படங்களைக் கையால் சுற்றி, விநாடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 சட்டகம் (சுருளில் உள்ள தனித்தனிப் படம்) வரை எடுத்தார்கள். 35 மி.மீ. சுருளில் ஒரு மீட்டருக்கு 52.5 சட்டகம். 1000 மீட்டரை 18 சட்டக வேகத்தில் ஓட்டினால் 48 நிமிடத்துக்குச் சற்று மேல். 24-இல் ஓட்டினால் 36 நிமிடத்திலேயே முடிந்துவிடும். கணினியில் கிடைக்கும் சில பிரதிகள் இப்படி விரைந்து ஓடுகின்றன. நடை துள்ளும், கைகள் வெட்டி வெட்டி அசையும், கூட்டம் சிரிக்கும். ஃபைட்டின் நடிப்பு முழுக்க நிதானத்தில் இருக்கிறது. கோர்னர் சாகும்போது அரங்கு சிரித்தால் அந்த மாலை வீணாகிவிடும். முந்தைய நாளே ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் நடந்து வருவது நாம் நடப்பதுபோல் இருக்க வேண்டும். திரை விகிதம் 4:3. அகலத் திரைக்கு இழுத்தால் முகம் உப்பும், வெட்டினால் தலை போகும். இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும்.

டைட்டில் கார்டுகளைத் தமிழில் தருவதானால், 6 விநாடி நிற்கும் அட்டைக்கு 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். நம் சொற்கள் நீளம். நேரடி இசை வைக்கிறவர்கள் வயலினை முதலிலிருந்தே வாசிக்க விடாதீர்கள். நாயகனின் குரலே வயலின்தான். பியானோவோ ஆர்மோனியமோ ஓடிக்கொண்டிருக்கட்டும். கோர்னர் வயலின் வில்லைக் கையில் எடுக்கும்போது மட்டும் வயலின் ஒலிக்கட்டும். அப்போதுதான் அவருடைய கச்சேரிகள் நிற்கும்போது எதை இழந்தோம் என்று காது உணரும்.

கலந்துரையாடலுக்கு 40 நிமிடம் போதும். தற்கொலைக் காட்சி இருப்பதை அறிவிப்பிலும் நுழைவாயிலிலும் எழுதிவையுங்கள். படம் முடிந்ததும் பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். வெளியேற நினைப்பவர் யார் கண்ணிலும் படாமல் போகலாம். பார்வையாளர் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. வருகைப் பதிவேட்டில் பெயர், கைபேசி எண் கேட்காதீர்கள். பூங்காவில் இரண்டு பேரைப் பார்த்த ஒருவன் போதும் என்பதைத்தானே படம் காட்டுகிறது! உங்கள் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போடும் ஒரு குழுப்படம் யாரோ ஒருவர் வீட்டில் இன்று அதே வேலையைச் செய்யும். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், கையெழுத்து வேண்டாம். எல்லோருக்கும் சீட்டு கொடுங்கள், எழுதாதவரும் மடித்துப் போடட்டும்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: முன்னோடிப் படமே நாயகனைக் கொன்றுவிட்டதே? நியாயமான கோபம். மழுப்ப வேண்டாம். பதிலுக்குப் படத்தின் முடிவைக் காட்டுங்கள். கூர்ட்டும் சாகத் துணிகிறான். மருத்துவர் தடுத்து, உயிரோடு இருந்து இந்தச் சட்டத்தை மாற்றப் பாடுபடு என்கிறார். பிறகு சட்டப் புத்தகம் திறக்கிறது, ஒரு கை தூரிகையால் 175-ஐ அடித்துவிடுகிறது. ஜெர்மனியில் அது உண்மையில் நீங்கியது 1994-இல். கோர்னர் இறந்ததுமே படம் முடிந்ததென்று நினைத்து விளக்கைப் போட்டுவிட வேண்டாம். அந்தத் தூரிகை முழுக்கோட்டையும் போட்டு முடிக்கும்வரை அரங்கு இருட்டாகவே இருக்க வேண்டும்.