புறம்போக்குக்கு யார் வக்கீல்?

(புதிதாகப் பதிவு செய்துகொண்ட இளம் வழக்கறிஞர்களுக்கான கூட்டத்தில் ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இயற்கை வள வழக்குகளில் அரசுத் தரப்பில் நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். காடு, மணல், கிரானைட் என்றதும் உங்களுக்குப் பெரிய தீர்ப்புகள்தான் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் வருகிறேன். முதலில் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு வருவோம். ஓர் ஓடையோ ஊருணியோ அரசின் கையைவிட்டு நழுவத் தொடங்குவது அநேகமாக அங்கேதான்.

வழக்கு இப்படி வரும். என் பெயரில் பட்டா இருக்கிறது, தாசில்தார் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடைஞ்சல் செய்கிறார், யாரும் தலையிடக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டும் என்று ஒருவர் கேட்பார். மாவட்ட ஆட்சியர் முதல் பிரதிவாதி, தாசில்தார் இரண்டாம் பிரதிவாதி. வழக்குப் போடும் முன்பே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி இரண்டு மாத அறிவிப்பு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். பதில்? போயிருக்காது. இது நான் மட்டும் சொல்லும் குறை என்று நினைக்காதீர்கள். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றமே, இந்த அறிவிப்புகளுக்குப் பெரும்பாலும் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பலாக வருகிறது என்று சொல்லியிருக்கிறது.

அப்புறம் சம்மன் வரும், வழக்குக் கட்டு நம் மேஜைக்கு வரும். நமக்கு வக்காலத்துகூட வேண்டாம், ஆஜர் மெமோ போதும். ஆனால் வாதியின் வழக்குரைக்குத் துறையிலிருந்து பாராவாரியாகக் குறிப்புரை வர வேண்டுமே! வாய்தா மேல் வாய்தா வாங்கிய பிறகு ஒன்றரைப் பக்கம் வரும். "வாதியின் கூற்றுகள் அனைத்தும் உண்மைக்குப் புறம்பானவை. வழக்கைச் செலவுத் தொகையுடன் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். அந்த இடம் எந்தப் பதிவேட்டில் எப்போது ஓடை என்று எழுதப்பட்டது, எப்போது அந்தப் பெயர் மாறியது, யார் உத்தரவில் மாறியது, ஒன்றும் இருக்காது. அதை வைத்து எழுதும் எதிர்வழக்குரையும் அதே ஒன்றரைப் பக்கம்தான் நிற்கும்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். வாதி காட்டும் பட்டா எந்தக் காலத்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று சொன்னால்தான் எல்லாருக்கும் புரியும். ஏக்கரை ஹெக்டேராக மாற்றி, உட்பிரிவு செய்து, புதுப் பட்டா கொடுத்தார்கள். பெரிய வேலை, பயனுள்ள வேலை. ஆனால் அந்த அவசரத்தில் பட்டா நிலம் புறம்போக்காகவும் புறம்போக்கு பட்டாவாகவும் மாறிய இடங்கள் ஏராளம். அதனால் ஊரின் நிலங்களை வகைவாரியாகக் காட்டும் யு.டி.ஆர். 'அ' பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள். நிலத்தை அளந்து வரைந்த பழைய புலப்படத்தையும் புதிய புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய படத்தில் வளைந்து போகும் இரட்டைக் கோடு புதியதில் காணாமல் போயிருக்கும். அந்தக் கோடுதான் உங்கள் வழக்கு. அந்தப் பதிவேடு தாலுகா அலுவலகப் பதிவறையில் கரையான் தின்றது போக மிச்சம் இருந்தால், சான்றிட்ட நகல் வாங்கிச் சான்றாவணமாகக் குறியிடுங்கள்.

இன்னொன்று, இடத்தைப் போய்ப் பாருங்கள். பல அரசு வழக்கறிஞர்கள் இதைச் செய்வதில்லை. கட்டணத்தில் பெட்ரோல் செலவு கட்டாது என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் சாட்சிக் கூண்டில் நம் தரப்பில் ஏறுவது கிராம நிர்வாக அலுவலர். வழக்கு போடும்போது இருந்தவர் மாறியிருப்பார், அவருக்கு அடுத்து வந்தவரும் மாறியிருப்பார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது என்ன தெரியுமா? "தாவாச் சொத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?" "இல்லை." "நான்கெல்லை சொல்ல முடியுமா?" "பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்." முடிந்தது கதை. அந்த அலுவலரை முந்தின வாரமே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் ஓடைக்கரையில் நடக்க வைத்திருந்தால் இந்தப் பதில்கள் வந்திருக்காது. மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. தண்ணீர் பட்டாவைப் படித்துவிட்டு ஓடுவதில்லை.

நீதிமன்றங்களுக்கு இந்த நிலைமை தெரியாமல் இல்லை. ஆர். ஹனுமையா எதிர் கர்நாடக அரசு என்ற 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். நிலம் தனக்கே சொந்தம் என்று அறிவிக்கக் கேட்டு அரசுக்கு எதிராகப் போடும் உரிமை விளம்புகை வழக்குகளைத் தனி நபர்களுக்கு இடையிலான வழக்குபோல நடத்தக் கூடாது, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அரசுடையது என்ற அனுமானம் உண்டு, அரசுத் தரப்பு சரியாக வாதாடாததாலேயே பல வழக்குகள் தீர்ப்பாகிவிடுகின்றன என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்கிறது. நமக்கு மிகவும் சாதகமான தீர்ப்பு. ஆனாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நம் தொழிலைப் பற்றித்தானே அந்த வரிகள்!

மேல்முறையீட்டுக் கதை வேறு. தீர்ப்பு நகல் வாங்கி, கருத்துரு தயாரித்து, துறைக்கு அனுப்பி, சட்டத் துறை பார்த்து, திரும்பி வருவதற்குள் காலக்கெடு என்றோ போயிருக்கும். 2020-ல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக வந்தபோது உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் செலவுத் தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது. இப்படி வருகிற மனுக்களுக்கு 'சான்றிதழ் வழக்குகள்' என்று பெயரும் வைத்தது. ஜெயிப்பதற்காக வருவதில்லையாம், உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது என்று கோப்பில் எழுதி மூடுவதற்காக வருகிறார்களாம். அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரி, கனிமத்துக்கு வருவோம்.

கருப்பு கிரானைட் குவாரிகளைத் தனியாருக்குத் தருவதில்லை, அரசு நிறுவனத்துக்கு மட்டுமே என்று 1977 டிசம்பரில் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 8-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1981-ல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. ஆறு, காடு, கனிமம் எல்லாம் ஒரு தலைமுறை தின்று தீர்ப்பதற்கானவை அல்ல, பின்னால் வருகிறவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அதில் சொல்கிறார். மேடையில் எல்லாரும் அதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்குத் தொழிலில் அதிகம் கைகொடுத்தது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. குத்தகைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டதாலேயே யாருக்கும் உரிமை வந்துவிடாது, விண்ணப்பத்தை முடிவு செய்யும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதுதான் பொருந்தும். அலங்காரமே இல்லாத விஷயம். அதைச் சொல்லித்தான் நான் எத்தனையோ குவாரி வழக்குகளில் நின்றிருக்கிறேன்.

இதே மாநிலத்தில்தான் 2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் கிரானைட் முறைகேடு பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. அந்த வழக்குகளின் உள்ளே நான் போகவில்லை. பொதுவாக ஒன்று சொல்கிறேன். அனுமதியை மீறி வெட்டியதற்கு அபராதம் போட்ட உத்தரவு உயர் நீதிமன்றத்தில் ஏன் விழுகிறது? குழியை அளந்தபோது குத்தகைதாரருக்குத் தகவல் கொடுக்கவில்லை. அளந்த அறிக்கையின் நகலைக் கொடுக்கவில்லை. கல்லை வெளியே கொண்டுபோக அரசு கொடுத்த நடைச்சீட்டுப்படி எடுத்த அளவைக் கழிக்கவில்லை. விளக்கம் கேட்கும் அறிவிப்பு அனுப்பாமலே உத்தரவு போட்டார்கள். நீதிபதி இரண்டு பக்கத்தில் ரத்து செய்து, புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்புவார். அது நடப்பதற்குள் குழியில் தண்ணீர் நிரம்பியிருக்கும், மறுபடி எதை அளப்பது? அதனால் உத்தரவு போடும் முன்பே கருத்துக் கேட்டு அதிகாரி உங்களிடம் வந்தால், நீங்கள் அவருக்குச் செய்யும் பெரிய உதவி, "பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்புவதுதான்.

இந்த வேலையில் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ராயல்டி வழக்கைச் சொல்ல வேண்டும். கனிமம் எடுப்பதற்குக் குத்தகைதாரர் கட்டும் தொகைதான் ராயல்டி. அதன் மீது தமிழ்நாடு கூடுதலாக விதித்த செஸ் செல்லாது என்று 1989-ல் இந்தியா சிமெண்ட் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்தத் தீர்ப்பில் ராயல்டியே ஒரு வரி என்று ஒரு வாக்கியம் இருந்தது. 2004-ல் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, அது தவறுதலாக விழுந்தது, ராயல்டியின் மீதான செஸ் ஒரு வரி என்றுதான் எழுத நினைத்திருப்பார்கள் என்றது. ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் திருத்தலாமா என்று அதற்கு மேல் சண்டை. கடைசியில் 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல, கனிம நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்த்தது. தமிழ்நாடு தோற்று 35 ஆண்டுகள் கழித்து! கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் தமிழ்நாடு சட்டமும் வந்து 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. முதல் வழக்கின் கட்டைத் தூக்கியவர்களில் எத்தனை பேர் இந்த முடிவைப் பார்க்க இருந்தார்களோ!

இனி காடு. கூடலூரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது ஒன்றே போதும்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குப் பரம்பரையாகச் சொந்தமான ஜென்ம நிலங்கள் சுமார் 80,000 ஏக்கர். அதில் காடு உண்டு, குத்தகைக்கு விட்ட தேயிலை, காப்பித் தோட்டங்கள் உண்டு. 1969-ல் தமிழ்நாடு ஜென்ம ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1972-ல் பால்மடீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று சட்டத்தின் அந்தப் பகுதியை மட்டும் செல்லாது என்று அடித்தது. 1974-ல் 34-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் சட்டத்தை முழுதாக, நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தார்கள். அதை எதிர்த்துப் போனதுதான் ஐ.ஆர். கொயலோ வழக்கு. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் வைத்த சட்டங்களையும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்றார்கள். நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற தீர்ப்பு. அதன் வேர் ஒரு கூடலூர் எஸ்டேட் நிலம்.

அதோடு முடியவில்லை. அதே கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். ஒரு காலத்தில் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த காடு, இப்போது அரசின் பொறுப்பில் அழிகிறது என்பது அவர் வருத்தம். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான், மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்றது. கவனியுங்கள், இங்கே பிரதிவாதி நம் அரசு. காட்டை எடுத்துக்கொள்ள உரிமை கேட்டு வாதாடிய அதே அரசு, எடுத்த காட்டை ஏன் காக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு கட்டும் ஒரே வழக்கறிஞர் மேஜைக்கு வரலாம். இன்றைக்கும் கூடலூரில் 'செக்‌ஷன் 17 நிலம்' என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில் குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அந்தப் பிரிவில் முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் வீடு கட்டியவர்கள் கரண்ட் கனெக்‌ஷனுக்கே அலைகிறார்கள். காட்டைக் காக்கும் வழக்கின் மறுபக்கத்தில் எப்போதும் எஸ்டேட் முதலாளிதான் நிற்பார் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வாச்சாத்தியை இங்கே சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று தர்மபுரி மாவட்டத்தின் அந்த ஊருக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் போய்ச் செய்த கொடுமைக்கு 2011-ல் தண்டனை வந்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள். காட்டுப் பொருளைக் காப்பது என்ற நியாயத்தைச் சொல்லிக்கொண்டுதான் அவர்கள் போனார்கள். துறை சொல்வதை அப்படியே பதில் மனுவில் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பும் முன் அந்த வழக்கு எனக்கு ஞாபகம் வரும். வாதியின் பட்டா உண்மையானது, பதிவேட்டில் தப்பு நம் பக்கம் என்று தெரிந்தால், அதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார். அடுத்த கட்டு உங்களுக்கு வராமலும் போகலாம். எனக்கு வராமல் போயிருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஆட்சி மாறினால் நாம் ராஜினாமா செய்கிறோம், புதியவர்கள் வருகிறார்கள். அது இந்தத் தொழிலின் வழக்கம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓடை வழக்கு மாறுவதில்லை, அதே வாய்தாவில் அடுத்தவர் நிற்பார். அதனால் ஒவ்வொரு கட்டிலும் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். எந்தப் பதிவேட்டின் நகல் வாங்கியாயிற்று, எது இன்னும் வரவில்லை, சாட்சி எந்த ஊருக்கு மாறிப் போனார், இடைக்காலத் தடை இருக்கிறதா, காலக்கெடு என்றைக்கு. பேனாவில் எழுதுங்கள், பென்சில் அழிந்துவிடும். சரி, நான் பேசியது போதும், கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.