கோடியக்கரை மான்களும் தானியங்கிக் கேமராவும்

அவையில் கூடியிருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், விலங்கியல் மாணவர்களுக்கும், கோடியக்காட்டிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

விலங்கு எதிரே வந்தால் தானே படமெடுக்கும்படி காட்டில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவைக் கண்டு மான் மிரளுமா என்பது இன்றைய பேச்சு. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிரளும். அந்த மிரட்சியில் கேமராவின் பங்கு சிறிது. அதைக் கட்ட வந்தவரின் வாசனைக்கும், பேட்டரி மாற்ற, படம் பதியும் நினைவக அட்டையை எடுக்க என்று அடிக்கடி அங்கே போகும் காலடிக்கும் பங்கு பெரிது. ஆகவே மிரட்சியைக் குறைப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? மான் கேமராவைப் பார்த்துப் பாதை மாறிப் போனால் படம் விழாது. படம் விழாத இடத்தில் மான் இல்லை என்று நாம் எழுதிவிடுவோம். கோடியக்கரை, வெளிமானைக் காப்பதற்கென்றே 1967இல் சரணாலயமான இடம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப்போட்டது. சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்கிக்கொண்டே வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் இருக்கிற மானை இல்லை என்று எழுதுவது சின்னப் பிழை ஆகாது.

முதலில் எந்த மானைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். புள்ளிமான் உண்மையான மான் இனம். ஆண்டுதோறும் கொம்பு உதிர்த்து முளைக்கும். வெளிமான் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முறுக்குக் கொம்பு உதிராது. நமக்கு இங்கே வேண்டியது அவற்றின் பழக்கம். வெளிமான் திறந்த வெளியில் கண்ணை நம்பிப் பிழைக்கும் பகல் விலங்கு. புள்ளிமான் பாலை மரக் காட்டோரத்தில் காதையும் மூக்கையும் நம்பி நடமாடும். அந்தியிலும் இரவிலும் வெளியே வரும். ஆகவே இரவு வெளிச்சம் பற்றிய கவலை புள்ளிமானுக்குத்தான் அதிகம் பொருந்தும். வெளிமானுக்கோ நேற்றுவரை இல்லாத ஒரு கம்பம் இன்று புல்வெளியில் நிற்பதே பெரிய செய்தி.

வெளிச்சத்தைப் பார்ப்போம். 1920களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வட இந்தியக் காடுகளில் இடறு கம்பியும் மெக்னீசிய ஒளியும் வைத்து இரவில் விலங்குகளைப் படமெடுத்தார். அந்த ஒளி கண்ணைப் பறிக்கும். இன்றைக்கும் வெள்ளை ஒளி வீசும் கேமராக்கள் விற்கின்றன. வண்ணப் படம் தரும் என்று ஆசைப்பட்டு மான் பாதையில் அவற்றை வைக்க வேண்டாம். மற்றவை அகச்சிவப்பு விளக்கு கொண்டவை. ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு அவற்றில் இரண்டு வகை: 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர். 850 வகை எரியும்போது நேராகப் பார்த்தால் நமக்கே மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 வகையில் அது தெரியாது.

மானின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். ஒன்று நீலப் பக்கம், 450 நானோமீட்டரை ஒட்டி; இன்னொன்று பச்சைப் பக்கம், 537 நானோமீட்டரை ஒட்டி. சிவப்புக்கென்று நமக்கு இருக்கும் மூன்றாவது வகை அதற்கு இல்லை. எனவே 850இன் சிவப்புப் புள்ளி நமக்குத் தெரிவதைவிட மானுக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். ஆனாலும் மான் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. டார்ச் அடித்தால் கண் மின்னுவது அதனால்தான். இருட்டில் நம்மைவிடக் கூர்மையான கண் அது. அதனால் புள்ளிமான் பாதைக்கு 940 வகையே நல்லது. அதற்கு ஒரு விலை உண்டு: கேமராவில் படத்தைப் பதியும் உணரிக்கு 940இல் கூர்மை குறைவு, இரவுப் படம் இருண்டு போகும், எட்டும் தூரம் குறையும். மான் நடக்கும் தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டருக்குள் வைத்தால் படம் தேறும்.

வெளிச்சத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஒலியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல வகைக் கேமராக்களைச் சோதித்து, விலங்குகளின் காதுக்கு எட்டும் ஒலியை அவை எழுப்புகின்றன என்று காட்டினார்கள். அதில் நம் காதுக்கு எட்டாத உயர் ஒலியும் அடக்கம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மானின் காது அதற்கும் மேலே கேட்கும். உள்ளே என்ன நடக்கிறது? பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு சிறு கண்ணாடி வடிகட்டி லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. இரவில் அது விலக வேண்டும். பல கேமராக்களில் அது ஒவ்வொரு படத்துக்கும் 'டக்' என்று நகரும். அமைதியான காட்டோரத்தில், நான்கு மீட்டரில் நிற்கும் புள்ளிமானுக்கு அது போதும். முதல் படத்தில் மேய்கிற மான், இரண்டாவது படத்தில் தலை தூக்கி நேராகக் கேமராவைப் பார்ப்பதன் காரணம் பல நேரம் இந்த 'டக்'தான். வாங்குவதற்கு முன்போ கட்டுவதற்கு முன்போ, இரவில் விளக்கணைத்த அறையில் மேசை மேல் வைத்து, எதிரே நடந்து பாருங்கள். உங்கள் காதுக்கே கேட்டால் அந்தக் கேமராவை மான் பாதைக்குக் கொண்டுபோக வேண்டாம். வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாசனை. இதில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். கட்டப் போகிறவர் தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர், கையில் கொசுவிரட்டிக் களிம்பு, சட்டைப் பையில் பீடி என்று போனால், அந்த வாசனை கேமராவைக் கட்டும் பட்டையிலும் அதன் பெட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். புதிய நைலான் பட்டைக்கே ஒரு வாசனை உண்டு. பட்டையைச் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, சில நாள் வெயிலில் காயப்போடுங்கள். கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். பாதையின் மேலேயே நடந்து போகாதீர்கள். பக்கவாட்டில் வந்து, வந்த வழியே திரும்புங்கள். வெளிமான் கடா திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவிக்கும். கண்ணோரச் சுரப்பியைப் புல்லில் தேய்த்துத் தன் எல்லையைக் குறிக்கும். நல்ல படம் கிடைக்கும் என்று அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே கேமரா வைக்கத் தோன்றும். அது மணத்தாலேயே பேசிக்கொள்ளும் இடம். நம் மணத்தை அங்கே கலக்கக் கூடாது. எட்டுப் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள்.

காற்று எங்கிருந்து வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கேமரா இருக்க வேண்டும். அப்போதுதான் அதன் வாசனை பாதைக்கு வராது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று; கேமராவைப் பாதைக்குத் தெற்கே கட்டி வடக்கு நோக்கித் திருப்புங்கள். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயிலும் லென்ஸில் விழாது. ஆடிக் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும். அப்போது கேமராவைப் பாதைக்கு வடக்கே கட்டித் தெற்கு நோக்கித் திருப்பலாம். நம் அட்சரேகையில் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முற்பாதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும்; ஆகவே தெற்கு நோக்கினாலும் தொல்லையில்லை. கிழக்கு, மேற்கு மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம். உதயமும் அஸ்தமனமும்தான் மான் அதிகம் நடமாடும் நேரம். லென்ஸ் கூசினால் அந்த நேரத்துப் படம் வீண்.

உயரம் பற்றி. கணக்கெடுப்புக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் சரி. வெளிமானின் தோள் அதை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அது மானின் பார்வைக்கு நேர் எதிரான உயரமும்கூட. இரண்டு மீட்டருக்கு மேலே தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மான் கவனிப்பது குறையும். அதே நேரம் விலங்கு வருவதை அறியும் உணரி பிடிக்கும் பரப்பும் சுருங்கிப் பல மான்கள் பதிவாகாமல் போகும். எண்ண வேண்டுமானால் தாழ வையுங்கள், நடத்தையைப் பார்க்க வேண்டுமானால் உயர வையுங்கள். புல்வெளியில் மரமே இல்லாத இடத்தில் கம்பம் நட வேண்டியிருந்தால், இரண்டு வாரம் முன்பே வெறும் கம்பத்தை நட்டுவிடுங்கள். வெளிமான் அதைச் சுற்றி மேயப் பழகிய பிறகு கேமராவை மாட்டுங்கள். பட்டையின் தொங்கும் முனையைச் செருகிவிடுங்கள். காற்றில் படபடக்கும் அந்த ஒரு சாண் நாடா மானையும் மிரட்டும், வெற்றுப் படங்களாலும் அட்டையை நிரப்பும். முன்னால் நிற்கும் புல்லைக் கையால் மடக்குங்கள். சுத்தமாகச் செதுக்கிக் களம்போல் ஆக்கிவிட்டால் மானுக்கு அதுவும் புதுமைதான்.

மிரண்டதா இல்லையா என்று எப்படி அறிவது? ஒரு கேமராவின் படத்தைக் கொண்டு சொல்ல முடியாது. பாதியில் திரும்பிப் போன மான் அதில் வராது. இரண்டாவது கேமரா வேண்டும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, உயரத்தில், முதல் கேமராவும் பாதையும் சேர்ந்து தெரியும்படி, இரண்டு வாரம் முன்பே அதைக் கட்டி 30 விநாடி வீடியோவில் வையுங்கள். அதன் பிறகு முதல் கேமராவை மாட்டுங்கள். ஒவ்வொரு வருகையையும் ஐந்தில் ஒன்றாகக் குறியுங்கள்: கண்டுகொள்ளவில்லை, தலை தூக்கிக் காதைத் திருப்பியது, துள்ளியது அல்லது காலைத் தட்டியது, திரும்பிப் போனது, கிட்டே வந்து முகர்ந்தது. கடைசியாகச் சொன்னது பயம் ஆகாது. அதை மிரட்சியில் சேர்க்க வேண்டாம். கூட்டத்தில் ஒன்று கத்தினால் அத்தனையும் ஓடும்; ஆகவே பன்னிரண்டு மான் ஓடினாலும் ஒரு நிகழ்ச்சி என்றே எழுதுங்கள். குரங்கு கேமராவை இழுத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது மான் தலை தூக்கினால் அதைத் தனியே எழுதுங்கள். முதல் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் ஒப்பிட்டால், மான் பழகிக்கொள்கிறதா, ஒதுங்கியே போகிறதா என்று தெரிந்துவிடும். கோடியக்கரையின் மணல் தரை நமக்கு ஒரு வரம். கேமரா உள்ள பாதையிலும், இல்லாத பாதையிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு மணலைச் சமன்செய்து, குளம்புத் தடங்களை எண்ணி ஒப்பிடலாம். இரண்டு இடத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் போய்வர வேண்டும். இல்லையென்றால் நம் காலடியின் பாதிப்பைக் கேமராவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஓர் எச்சரிக்கை. சித்திரை, வைகாசி நண்பகலில் படமே விழவில்லை என்றால் மான் பயந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். விலங்கு வருவதை அறியும் இந்த உணரி, விலங்குக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் நகர்வதைத்தான் அறிகிறது. தரையும் புல்லும் மானின் உடல் மேற்பரப்பு அளவுக்குச் சூடாகிவிட்டால் மான் எதிரே நடந்தாலும் அதற்குத் தெரியாது. காலை 11 முதல் பிற்பகல் 3 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வையுங்கள். நாளுக்கு 48 படம் கூடும், அவ்வளவுதான்.

போய்வருவதைக் குறைக்க வேண்டுமானால் கருவி தாங்க வேண்டும். உப்புக் காற்று பேட்டரி முனையைப் பச்சை பூக்க வைக்கும். மூடியின் ரப்பர் வளையத்தில் மெல்லிய சிலிக்கோன் கிரீஸ், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். காரப் பேட்டரி (ஆல்கலைன்) தேயத் தேய மின்னழுத்தம் இறங்கி இரவு விளக்கு மங்கும், கசியவும் செய்யும். லித்தியம் செல் விலை கூடினாலும் கடைசிவரை நிலையாகக் கொடுக்கும். புதியதும் பழையதும் கலக்காதீர்கள். அட்டையை அந்தந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மட்டக்குதிரை வந்து உரசும் இடமென்றால் படத்துக்கும் படத்துக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு குதிரைக் கூட்டம் ஒரே மதியத்தில் அட்டையை நிரப்பிவிடும். உணரியின் முன்னால் உள்ள நெளிந்த பிளாஸ்டிக் தகட்டில் படியும் உப்பை, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் கீறும். இவ்வளவும் செய்தால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும். போவதும் வெயில் ஏறிய பிறகு, மான் நிழலில் படுத்திருக்கும் நேரமாக இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. சரணாலயத்துக்குள் படமெடுக்கவும் ஆய்வு செய்யவும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விறகு பொறுக்க வரும் பெண்களின் படம் விழுந்தால் அதை யாரிடமும் காட்டாமல் அழித்துவிடுங்கள். குறிப்பேட்டில் தேதி, காற்று, கேமராவின் உயரம், திசை இவற்றோடு இன்னொரு பத்தியும் போடுங்கள்: அன்றைக்கு அந்த இடத்துக்கு மனிதர் யார், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று. படங்களைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பத்தியை முதலில் படியுங்கள்.