கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

"என் பிள்ளைக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைக்குமா, சார்?" மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்த காலத்தில் இந்தக் கேள்வி என் காதில் விழாத ஆண்டே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. கேட்பவர்களில் பலர் சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் அவர்களுக்கு முன்னால் எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

நான் பதில் சொல்வதில்லை. எந்தக் கல்லூரி என்று திருப்பிக் கேட்பேன். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வருபவர் என்பதற்கு ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு மதிப்பு. ஓரிடத்தில் கட்டணம் குறையும், ஓரிடத்தில் எந்தப் பயனும் இராது, ஓரிடத்தில் உங்கள் கதையையே சொல்லச் சொல்வார்கள்.

முதலில் நம் மாநிலத்தைப் பார்ப்போம். முதல் பட்டதாரி சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் இடம் கிடைத்துவிடும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். கிடைக்காது. 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய அந்தத் திட்டம், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. தரவரிசையில் அரை மதிப்பெண்கூடக் கூட்டாது. வீட்டில் ஒருவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. அக்காள் பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை.

இடம் வாங்கித் தருவது வேறொன்று: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புக்கு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை போன்றவற்றுக்கு 2021இல் வந்தது. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான். கிண்டி பொறியியல் கல்லூரிக்கே இந்த ஒதுக்கீட்டின் வழியே நம் பிள்ளை போகலாம். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டு வரை படித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. நம் மலையில் பழைய மிஷன் பள்ளிகள் நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு ஆங்கிலம் பேசிப் பழகட்டும் என்று ஏழாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிற பெற்றோர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எதை இழப்போம் என்று தெரியாமலே மாற்றுகிறார்கள்.

அடுத்து ஐ.ஐ.டி. அங்கே முதல் தலைமுறை என்பதற்கு மதிப்பே இல்லை. உங்கள் அப்பா பேராசிரியரா, கொழுந்து மூட்டை சுமப்பவரா என்று அதன் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.க்குத் தெரியாது. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை எழுதுபவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் இரண்டரை லட்சம் பேர் வரைதான் அடுத்த தேர்வான அட்வான்ஸ்டுக்குப் போக முடியும், எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இடங்கள் சுமார் 18 ஆயிரம். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படிப்பவர்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே இயற்பியல் கணக்குகளை ஆங்கிலத்திலும் வாசித்துப் பழக வேண்டும். மொழிப் புலமை தேவையில்லை. கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்தால் போதும்.

மதிப்பெண்ணை விடச் சான்றிதழில் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மாநிலம் கொடுக்கும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் ஐ.ஐ.டி.யில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதுவும் சேரும் ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும். வருமான வரம்பு எட்டு லட்சம் என்றதும் சிலர் பயந்துவிடுகிறார்கள். சம்பளமும் விவசாய வருமானமும் அதில் சேராது. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தருவார். விசாரணை முடிந்து கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே மனுக் கொடுத்துவிடுங்கள்.

இ-சேவை மையத்தில் ஒரு மாணவி விண்ணப்பிப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சரியாக நிரப்பிவிட்டாள். கடைசியில் ஓ.டி.பி. கேட்டது. பதிவு செய்த எண் அப்பாவுடையது. போன் அவருடைய சட்டைப் பையில், அவரோ சிக்னல் எட்டாத சரிவில் கொழுந்து நிறுவையில். மையத்துக்காரர் "நாளைக்கு வாம்மா" என்றார். அன்றுதான் கடைசி நாள். மாலை பஸ்ஸில் அப்பா இறங்கும்வரை காத்திருந்து, இரவு ஒரு தெரிந்தவரின் கணினியில் முடித்தோம். வீட்டில் படித்தவர் ஒருவர் இருந்தால் இது ஒரு சிக்கலே இல்லை. இல்லாத வீட்டில் ஓராண்டே போய்விடும்.

ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தபின் பணத்துக்கு அஞ்ச வேண்டாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மற்றவர்களில் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் முழுவதும், ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி. ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பாதபோது, கட்-ஆஃபைச் சற்றே தவறவிட்ட பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு ஒன்று இருக்கிறது. பலருக்கு அதன் பெயரே தெரியாது. ஜே.இ.இ.யே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பட்டப் படிப்பில் நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு; அதையும் தமிழில் எழுதலாம்.

இனி, அமெரிக்கா. சிரிக்காதீர்கள், கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதே மலையின் உறைவிடப் பள்ளிகளில் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கென்றே ஆலோசகர் வைத்திருக்கும்போது, பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளை மட்டும் ஏன் கேட்கக் கூடாது? 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டில் சுமார் 54 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். நூற்றுக்கு நான்கு பேருக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. பொதுத் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பிடித்தாலும் அங்கே உறுதி கிடையாது. ஆனால் பெற்றோர் எதுவரை படித்தார்கள் என்று அவர்களுடைய விண்ணப்பம் கேட்கிறது. நான்காண்டுப் பட்டம் பெறாத பெற்றோரின் பிள்ளை என்றால் முதல் தலைமுறை. நம் ஊரில் சலுகையை இழந்த தம்பியும் அங்கே முதல் தலைமுறைதான். மதிப்பெண்ணை, அது எந்தச் சூழலில் எடுத்தது என்பதோடு சேர்த்துப் படிக்கிறார்கள்.

பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய் என்று கேட்டுப் பத்து இடம் விட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து, "நான் ஒன்றுமே செய்யவில்லை, சார்" என்று தலைகுனிகிறார்கள். அம்மா தோட்டத்துக்குப் போனபின் தங்கையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவதும், மகளிர் குழுவின் கணக்கை எழுதித் தருவதும் ஒன்றுமில்லையா? குடும்பப் பொறுப்பு என்றே அங்கே ஒரு தலைப்பு இருக்கிறது. அதில் எழுதுங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதோடு. ஆனால் வறுமையைக் கடை விரிக்காதீர்கள். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயன் வீட்டின் கூரை ஒழுகியது என்று கட்டுரை முழுவதும் அழுதால் படிப்பவர் இரக்கப்படுவார், அவ்வளவுதான். அந்த வீட்டில் உட்கார்ந்து நீங்கள் எதைப் பற்றி யோசித்தீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிந்துரைக் கடிதம் கேட்டால் நாம் 'நடத்தை நன்று, நல்லொழுக்கம் உடையவர்' என்று மாற்றுச் சான்றிதழ் பாணியில் எழுதிவிடுகிறோம். அது அங்கே காலிக் காகிதத்துக்குச் சமம். தனி ஊசல் சோதனையில் தன் அளவீடு பொருந்தவில்லை என்று, மணி அடித்த பிறகும் ஆய்வகத்தில் நின்று நூலின் நீளத்தை மறுபடி அளந்த மாணவி உங்கள் வகுப்பில் இருப்பாள். அதை எழுதுங்கள்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்களில் மட்டும், வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்த்துத் தேர்வை முடிவு செய்வதில்லை. இடம் கொடுத்தால் தேவையான உதவியையும் கொடுத்துவிடுவார்கள். மற்ற பல இடங்களில் பணம் கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். இடம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அங்கே விண்ணப்பிக்கிறவரும் மாநிலக் கலந்தாய்வை விட்டுவிடக் கூடாது.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பாவின் பெயரே விரிந்து நிற்கும். நுழைவுத் தேர்வுப் பதிவில் இது இடிக்கும். வேறுபாடு இருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை முதலில் திருத்துங்கள். திருத்தப் போகும்போதே உங்கள் கையில் இருக்கும் போன் எண்ணையும் அதில் பதிந்துவிடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.