திருகைத் தொடுவதற்கு முன்

வணக்கம். பழைய செயின்சா ஒன்று, அதாவது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம், உங்கள் கைக்கு வருகிறது. யாரோ வேண்டாமென்று கொடுத்தது, அல்லது வருஷக்கணக்காகக் கொட்டகை மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. புது பெட்ரோல் கலந்து ஊற்றி, சோக்கைப் போட்டு, கயிற்றை இழுக்கிறீர்கள். பத்து இழுப்பு, இருபது இழுப்பு. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது, மிஷின் ஒரு தடவைகூட இருமவில்லை. அடுத்து கை எங்கே போகும்? ஸ்க்ரூ டிரைவருக்கு. கார்புரேட்டரின் பக்கத்தில் ரெண்டு மூன்று திருகுகள் எட்டிப் பார்க்கும். அவற்றைத் திருகிப் பார்க்காமல் நம்மால் இருக்க முடியாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரு பிஸ்டனைப் பறிகொடுத்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த மிஷின் கடைசியாக நன்றாக ஓடியபோது திருகுகள் எங்கே இருந்தனவோ, பெரும்பாலும் அங்கேதான் இப்போதும் இருக்கும். மூலையில் சும்மா கிடந்த காலத்தில் அவை தானாகத் திரும்பியிருக்காது. ரப்பர் இறுகியிருக்கும், பெட்ரோல் பிசினாகியிருக்கும், உலோகத்தில் களிம்பு ஏறியிருக்கும். அதையெல்லாம் பார்க்காமல் திருகை மட்டும் திருப்பினால், இருந்த ஒரு நல்ல அளவும் போய்விடும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பிளக்கிலிருந்து. இழுத்து ஓய்ந்த கையோடு பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் உள்ளே வந்துவிட்டது. தீப்பொறி இல்லை, அல்லது தேவைக்கு மேல் வந்து மூழ்கடித்துவிட்டது. காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

தீப்பொறியைச் சோதிக்க, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி சிலிண்டரின் வெறும் உலோகத்தைத் தொடும்படி வைத்து இழுங்கள். பிளக் துளையை விட்டு நன்றாகத் தள்ளியே வையுங்கள், அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். பொறி இல்லையா? உடனே பொறிக்கு மின்சாரம் தரும் காயில் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். மிஷினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை இழுங்கள். அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டுக்கொண்டிருந்தாலே பொறி வராது. நல்ல காயில்கள் எத்தனையோ இப்படிக் குப்பைக்குப் போயிருக்கின்றன.

ரொம்பப் பழைய மிஷின் என்றால் ஃபிளைவீல் என்ற காந்தம் வைத்த சுழல் சக்கரத்துக்கு அடியில் பாயின்ட்டும் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்) கண்டென்சரும் இருக்கும். பல வருஷம் கிடந்த பாயின்ட்டின் முகத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். மெல்லிய எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, சுத்தமான அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுத்தால் போதும், பல நேரம் பொறி திரும்பிவிடும். இடைவெளி பொதுவாக 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வெளியே இருக்கும் காயில் என்றால், அதற்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடம் விட்டால் சரியாக இருக்கும்.

பிளக் காய்ந்திருந்தால் டேங்குக்குள் போக வேண்டும். ஒரு கம்பியின் முனையைக் கொக்கி போல வளைத்து உள்ளே விட்டால் ஃபில்டர் குழாயோடு மாட்டிக்கொண்டு வரும். அந்தக் குழாயை விரலில் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது முழுசாகத் தெரிவது, வளைத்தால்தான் வாயைப் பிளக்கும். பிளந்த குழாய் பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும்.

அடுத்தது கார்புரேட்டர். இதன் வயிற்றில் இருப்பது டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு, மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற மிதவை கிடையாது. ஆந்த்ரேயாஸ் ஸ்டீல் 1926-ல் செய்த ரம்பம் மின்சாரத்தில் ஓடியது, தூக்க ரெண்டு பேர் வேண்டும். பின்னால் வந்த பெட்ரோல் ரம்பங்களில் மிதவை வைத்த கார்புரேட்டர் இருந்தவரை எஞ்சினைச் சாய்க்க முடியாது, சாய்த்தால் நின்றுவிடும். நிற்கிற மரத்தை அடியில் அறுக்க, எஞ்சினை நிமிர்த்தி வைத்துவிட்டு அறுக்கும் தகட்டை மட்டும் திருப்பிக்கொள்வார்கள். இன்றைக்கு ஒரே ஆள் மிஷினைத் தலைகீழாகக்கூடப் பிடித்து அறுக்க முடிகிறதே, அதற்குக் காரணம் இந்தச் சவ்வுதான்.

நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்து, சவ்வை விரல் நுனியால் அழுத்துங்கள். நல்ல சவ்வு சத்தமில்லாமல் உள்ளே போய் வரும். கெட்டது காய்ந்த சருகு போல மொறுமொறுக்கும். மொறுமொறுத்தால் யோசிக்கவே வேண்டாம், புது செட் போட்டுவிடுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சவ்வு முதலிலா பேக்கிங் முதலிலா என்பது ரெண்டு பக்கத்துக்கும் வேறுவேறு, மாற்றிப் போட்டால் சொட்டுப் பெட்ரோல் வராது. மூன்று தடவை பிரித்து மூன்று தடவையும் தப்பாகவே மூடியவன் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பிஸ்டன் கதை. என் மிஷின் ஓடியது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. ஐட்லிங்கில், அதாவது த்ராட்டிலைத் தொடாமல் சும்மா ஓடும்போது, திடீரென்று வேகம் ஏறும். ஒரு பக்கம் சாய்த்தால் இன்னும் ஏறும். த்ராட்டிலை விட்ட பிறகும் உடனே அடங்காமல் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டே இருக்கும். நான் என்ன செய்தேன்? ஐட்லிங் திருகைக் குறைத்தேன், அப்புறம் குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் அளக்கும் எல் திருகு, அப்புறம் முழு வேகத்துக்கு அளக்கும் எச் திருகு. தினமும் ஒரு கால் சுற்று. ஒருநாள் அறுத்துக்கொண்டிருக்கும்போதே கிறீச்சென்று ஒரு சத்தம், மிஷின் நின்றது. கயிறு கல்லில் கட்டியது போல அசையவில்லை. சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்த்தால், பிஸ்டனின் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது.

குற்றவாளி ஃபிளைவீலுக்குப் பின்னால் இருந்த ஆயில் சீல். அதன் ரப்பர் உதடு காய்ந்து இறுகி, பிஸ்டனால் சுழலும் தண்டான கிராங்கைப் பிடிக்காமல் விட்டிருந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள்தான் வருகிறது, பிஸ்டன் மேலே போகும்போது உண்டாகும் உறிஞ்சலில். சீல் விட்டால் அதே உறிஞ்சலில் வெறும் காற்றும் சேர்ந்து வரும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும். எஞ்சினுக்கு எண்ணெய் வருவதும் பெட்ரோலோடு கலந்துதான், ஆகவே அதுவும் சேர்ந்து குறையும். போதாக்குறைக்கு நான் எச் திருகையும் உள்ளே இறுக்கி, வந்துகொண்டிருந்த கொஞ்சத்தையும் அடைத்திருக்கிறேன்.

சாய்த்தால் வேகம் மாறுவது, த்ராட்டிலை விட்டும் அடங்காதது, ரெண்டும் சேர்ந்து இருந்தால் காற்று எங்கோ கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். சீலாக இருக்கலாம், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். சோதிக்க, உள்வழி, வெளிவழி ரெண்டையும் ரப்பர் துண்டு வைத்து அடைத்து, கை பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அதோடு நிறுத்தாமல் அதே பம்பால் காற்றை உறிஞ்சியும் பாருங்கள். அழுத்தத்தில் தாக்குப்பிடிக்கும் சீல் சிலசமயம் உறிஞ்சலில் விட்டுவிடும். ஓடும் எஞ்சின் மேல் ஸ்பிரே அடித்துக் கசிவு தேடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கொதிக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இதனால்தான் எந்தப் பழைய மிஷின் வந்தாலும், காசு கொடுப்பதற்கு முன்னாலேயே சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டன் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். கையோடு இன்னொன்று: ஸ்டார்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம், இருக்கிறது. சரசரவென்று தரைக்கு வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, அல்லது அதைவிட மோசம்.

சூடான பிறகு நின்றுவிடும் மிஷின்களில் முதலில் டேங்க் மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, மறுபடி ஓடினால் காற்று வழி அடைத்திருக்கிறது. திறந்தும் ஓடவில்லையா, ஆறுவதற்குள் பொறியைச் சோதியுங்கள். சூட்டில் மட்டும் செத்து, ஆறினால் உயிர்க்கும் காயில்கள் உண்டு.

இத்தனையும் சரியான பிறகு திருகுக்கு வரலாம். எல், எச் ரெண்டையும் மெதுவாக உள்ளே, தட்டும் வரை மட்டும். பிறகு ஒவ்வொரு சுற்று வெளியே. நன்றாகச் சூடாகட்டும். எச் திருகுக்கு அளவு காதுதான். மரத்தைத் தொடாமல் முழு வேகத்தில் விட்டால் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக, தடுமாறுவது போல இருக்க வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். வெறும் வேகத்திலேயே கூர்மையாகக் கிறீச்சிட்டால் பெட்ரோல் பத்தவில்லை, உடனே வெளியே திருகுங்கள்.

ஐட்லிங்கில் சங்கிலி சுற்றினால் ஐட்லிங்கைக் குறையுங்கள். அப்படியும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் விட்டிருக்கும். கிளட்ச்சைக் கழற்றும்போது பெரும்பாலும் மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்காதீர்கள். எஞ்சின் சுற்றாமலிருக்க, பிஸ்டன் மேலே ஏறி வழிகளை மூடிய பிறகு, பிளக் துளையில் மெல்லிய நைலான் கயிற்றை நுழைத்து நிறுத்துவது வழக்கம். வெளி முனையில் முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் கயிறும் உள்ளே போய்விடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய மிஷின்கள் பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. தகட்டின் நுனி மரத்தில் பட்டு மிஷின் முகத்தை நோக்கி எகிறினால் நிறுத்த வழியில்லை. அப்படிப்பட்டதைச் சரிசெய்து ஓடவிட்டு ரசிப்பேன், அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக மாட்டேன்.

எஞ்சின் ஓடுகிறது, மரம்தான் அறுபடவில்லை என்றால் மரத்தூளைப் பாருங்கள். சீவலாக வந்தால் பல் கூராக இருக்கிறது, மாவாக வந்தால் அரத்தை எடுங்கள். வெட்டு ஒரு பக்கமாக வளைந்துபோனால் அந்தப் பக்கப் பற்களும் மறுபக்கப் பற்களும் ஒரே அளவில் இல்லை. கடைசியாக, சங்கிலிக்கு எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கீழே போட்டு, தகட்டின் நுனியை அதற்கு ஒரு சாண் மேலே பிடித்து த்ராட்டிலை அழுத்துங்கள். சில நொடிகளில் காகிதத்தில் மெல்லிய எண்ணெய்க் கோடு ஒன்று விழ வேண்டும். விழவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தகட்டைக் கழற்றுங்கள், எண்ணெய்த் துளை மரத்தூளால் அடைத்திருக்கும். நன்றி, வணக்கம்.